எக்ஸ் அச்சுக்கு எந்தத் தண்டவாளம்

1

மனித நாகரிகத்தின் வரலாறு என்பது, உற்றுப் பார்த்தால், ஒரு நேர்கோட்டைத் தேடிய வரலாறுதான். பிரமிடு கட்டியவன், கால்வாய் வெட்டியவன், இருப்புப் பாதை போட்டவன் எல்லோரும் தேடியது அதைத்தான். இங்கிருந்து அங்கே, ஆடாமல், அசையாமல், கோணாமல்.

இதை நான் மிர்த்தாவின் முடிதிருத்தகத்தில் என் முறைக்காகக் காத்திருந்தபோது மின்கட்டண ரசீதின் பின்புறம் எழுதினேன். உண்மையா என்று கேட்காதீர்கள். மனித குலம் பெரும்பாலும் சாப்பாட்டைத்தான் தேடியிருக்கிறது. ஆனால் அடுத்து வரப்போவது அறுபத்து நான்கு வயதான ஓர் ஆள் கார் கொட்டகையில் உட்கார்ந்து பேரிங் தேர்ந்தெடுத்த கதை. அதை முதல் வரியிலேயே சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அதனால்தான் பிரமிடு.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் இப்போதே ஒப்புக்கொள்கிறேன். கற்பனையிலிருந்து அல்ல. பம்பாஸ் சமவெளி நகரமான ரஃபயேலாவில் எங்கள் வட்டாரச் சமூக விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் நான். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. பதினேழு வருடமாக வேறு யாரும் அதற்குக் கை தூக்கவில்லை. ஏப்ரல் மாதக் குறிப்பேட்டில் என் கையெழுத்தில் இப்படி ஓர் இடம் இருக்கிறது: ‘நூற்றாண்டு விழாவுக்கான நிறுவனர் பலகையைத் தன் சொந்த இயந்திரத்தால் செதுக்கித் தருவதாகத் திரு. ஆல்தோ ஜிரௌதோ பொறுப்பேற்றார். இயந்திரம் இன்னும் இல்லை.’

கடைசி மூன்று சொற்களை எடுத்துவிடும்படி ஆல்தோ என்னிடம் இரண்டு முறை கேட்டார். குறிப்பேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது. கதை அந்த மூன்று சொற்களிலிருந்து முளைத்தது. மீதியைச் சொன்னவர், வீட்டு முன்னறையில் முடிதிருத்தகம் நடத்தும் அவர் மனைவி மிர்த்தா. கத்தரி காதருகே இருக்கும்போது யாரும் கதை கேட்க மறுப்பதில்லை.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ) பரந்து விரிந்த பம்பாஸ் சமவெளியின்மேல் ஆதவன் தன் பொற்கரங்களை
[கைவிடப்பட்டது. அன்று மேகமூட்டம்.]

ஆ) சிஎன்சி ரவுட்டர் என்பது யாதெனில் (வைஃபை பெட்டியைச் சொல்லவில்லை), கணினி காட்டிய வழியில் ஒரு சுழலும் வெட்டுளி மரத்தின்மேல் நடந்துபோய்ச் செதுக்குகிற இயந்திரம். அது நீளவாக்கில் போகும், குறுக்கே போகும், மேலும் கீழும் போகும். ஒவ்வொரு திசையும் ஓர் அச்சு. ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு பாதை வேண்டும். பாதையில் ஓட பேரிங் வேண்டும். பேரிங்கைத் தேர்ந்தெடுக்க
[கைவிடப்படவில்லை. இது பின்னால் தேவைப்படும்.]

இ) ஆல்தோ ஜிரௌதோ தன் வாழ்நாளில் எதையும் செய்ததில்லை. மற்றவர்கள் செய்ததைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

மூன்றாவதை வைத்துக்கொள்வோம். அதில் அலங்காரம் எதுவும் இல்லை. பால் பண்ணைகளுக்கு வால்வு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர் அவர். லேத் பட்டறையிலிருந்து வரும் ஒவ்வொரு துண்டையும் டயல் கேஜுக்குக் கீழே வைப்பார். ஊசி எல்லையைத் தாண்டினால் துண்டின்மேல் சிவப்பு மையால் ஒரு புள்ளி. புள்ளி விழுந்தது திரும்பிப் போகும். மிக அதிகமாகப் புள்ளி வாங்கியவர் சீச்சே பெர்த்தோனே என்ற லேத்காரர். இருவரும் ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றார்கள், ஒரே கழகத்தில் உறுப்பினர்கள், ஒரே மேசையில் சீட்டாடுகிறவர்கள்.

ஏப்ரல் கடைசி வெள்ளி கழக விருந்து. பூண்டும் நெத்திலியும் எண்ணெயில் கொதிக்கும் சட்டியைச் சுற்றி அறுபது பேர் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். கழகத் தலைவர் ஒல்கா பஸ்ஸோ, மருந்துக் கடைக்காரர், கரண்டியால் கோப்பையைத் தட்டினார்.

“நூறு வருஷம்ங்கிறது சும்மா இல்ல. கழகத்த ஆரம்பிச்ச நாப்பத்தெட்டு பேரும் ஒரு பலகையில வரணும். நல்ல அல்கர்ரோபோ மரத்துல. பித்தளையெல்லாம் வேணாம், கழட்டிட்டுப் போயிடுறானுங்க. யாரு செய்றீங்க?”

பெர்த்தோனே வாயில் ரொட்டியோடு கை தூக்கினார். “நான் ஜிக்சா ரம்பத்துல அறுத்து ஒட்டித் தர்றேன். ரெண்டு வாரம் போதும்.”

“கையாலயா?” என்றார் ஆல்தோ.

“பின்ன, காலாலயா?”

கூடம் சிரித்தது. ஆல்தோ எழுந்து நின்றார். “நாப்பத்தெட்டு பேருல எத்தன வட்ட ‘ஓ’ வருதுன்னு யாராவது எண்ணுனீங்களா? நூத்திச் சொச்சம். கையால அறுத்தா ஒண்ணு முட்ட மாதிரி இருக்கும், இன்னொண்ணு பேரிக்கா மாதிரி இருக்கும். காலத்துக்கும் தொங்கப் போற பலகை. நான் மெஷின்ல செதுக்கித் தர்றேன். மில்லில பத்துல ஒரு பங்குகூடப் பிசகாது.”

“எந்த மெஷினு?” என்றார் ஒல்கா.

“செய்யப் போற மெஷினு.”

“பாத்தீங்களா,” என்றார் பெர்த்தோனே கூடத்தைப் பார்த்து, “மெஷினு இன்னும் பொறக்கவே இல்ல. அதுக்குள்ள எம் பலகைய ரிஜெக்ட் பண்ணிட்டாரு.”

ஒல்கா சிரிக்கவில்லை. “விழா செப்டம்பர் இருபது. ஆகஸ்ட் முடிய மெஷின் ஓடலேன்னா மரம் பெர்த்தோனேகிட்ட போயிடும். செயலாளரே, எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டேன். ஆல்தோவுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: தான் செய்த ஒரு பொருள் சுவரில் தொங்க வேண்டும், பெர்த்தோனே கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் குறை சொல்ல வழியில்லாமல் போக வேண்டும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்திருந்தது.

3

இனி பேரிங்.

வீட்டில் இயந்திரம் செய்கிறவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. ஆல்தோ மே மாதம் அதில் சேர்ந்தார். எக்ஸ் அச்சுக்கு எந்தப் பாதை என்று கேட்டார். பாதை என்ற சொல்லைக் கேட்டதும் வடகலை தென்கலைச் சண்டை தொடங்கியது.

ஏழைக் கட்சி ஒன்று இருந்தது: கோண இரும்பைக் கவிழ்த்துப் போடு, சறுக்குப் பலகைச் சக்கரத்தின் பேரிங்கை அதன்மேல் ஓட்டு, வேலை முடிந்தது. நடுத்தரக் கட்சி உருட்டுத் தண்டைச் சொன்னது. வழவழவென்ற எஃகுத் தண்டு, அடியில் அலுமினியத் தாங்கி, மேலே வாய் பிளந்த பேரிங். சட்டம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அது ‘சரி, விடு’ என்று ஓடிவிடும். மேட்டுக்குடிக்குப் பட்டைத் தண்டவாளம். கடினமாக்கி, அரைத்து, மெருகேற்றிய எஃகுப் பட்டை. அதை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு ஓடும் சிறு வண்டி. வண்டியின் வயிற்றுக்குள் வரிசையாகச் சுற்றிவரும் பேரிங் குண்டுகள். இது எதையும் மன்னிக்காது. உட்காரும் இடம் எவ்வளவு நேரோ அவ்வளவு நேராகத்தான் இதுவும் இருக்கும். இதிலேயே வண்டியின் பிடி மூன்று விதம்: தளர்வு, மிதம், இறுக்கம்.

ஊரில் இருக்கும் பேரிங் கடைக்காரர், “மரம்தானே? உருட்டுத் தண்டு போதுமே,” என்றார். தன் கடையில் இருந்த விலை அதிகமான சரக்கை வேண்டாம் என்று சொன்ன வியாபாரியை ஆல்தோ சந்தேகக் கண்ணோடு பார்த்தார்.

பெர்த்தோனே சீட்டாட்ட மேசையில் தன் கருத்தைச் சொன்னார். “மரத்துக்கு எதுக்குடா இதெல்லாம் குண்டா? மழை பேஞ்சா பலகையே ஒரு மில்லி நகரும். நீ மில்லிய நூறா வெட்டிக்கிட்டு உக்காந்திருக்க.”

“பலகை நகரலாம். மெஷின் நகரக் கூடாது.”

“நகராத மெஷின எதுக்குச் செய்ற?”

ஆல்தோ ஆறு வாரம் கணக்குப் போட்டார். நான்கு வண்டிகளும் சேர்ந்து ஏழு டன் தாங்கும் என்று கணக்கு சொன்னது. அவற்றின்மேல் குறுக்காக உட்கார்ந்து ஓடப் போகும் பாலமும் வெட்டும் மோட்டாரும் சேர்ந்து முப்பத்தெட்டு கிலோ. அவர் பட்டைத் தண்டவாளத்தைத் தேர்ந்தெடுத்தார். பிடியில் இறுக்கத்தை. முப்பத்தொரு வருடம் தளர்வுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தவர் வேறு எதைத் தேர்ந்தெடுப்பார்?*

* எது எக்ஸ் அச்சு, எது ஒய் அச்சு என்பதில் குழுவில் தனியாக ஒரு தகராறு இருக்கிறது. அதற்குள் போகவில்லை. இக்கதையில் நீளமானது எக்ஸ்.

4

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இணையக் குழுவில் ‘டான் மைக்ரான்’ என்ற பெயரில் ஒருவர் எழுதுவார். “இறுக்கமே ஒழுக்கம்” என்று ஆல்தோவுக்குப் பதில் போட்டவர் அவர்தான். “உருட்டுத் தண்டு வைத்தவன் மரத்தை வெட்டுவதில்லை, கடிக்கிறான்” என்பதும் அவருடையது. பதினோராயிரம் பதிவுகள். எல்லோரும் அவரை வாத்தியார் என்பார்கள். எழுதிய பிறகு படித்துப் பார்த்தேன். நையாண்டிக்காகச் செய்த பொம்மை மாதிரி இருந்தது. எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

“அந்தாளு நெசம்தான்,” என்றார் மிர்த்தா, என் பின்கழுத்தைச் சவரம் செய்துகொண்டே. “ரொசாரியோவுல பல் டாக்டராம். ஒருத்தன் ‘வாத்தியாரே, ஒங்க மெஷின் போட்டோ ஒண்ணு போடுங்களேன்’னு கேட்டிருக்கான். அவன மூணு நாளைக்குக் குழுவ விட்டே தள்ளி வச்சுட்டாங்க.”

“அப்ப மெஷின் இல்லையா?”

“பல்லு இருக்கும்.”

வைத்துக்கொண்டேன். அவர் இல்லாவிட்டால் ஆல்தோ தனியாக முட்டாளாகத் தெரிவார்.

5

ஜூலையில் தண்டவாளங்கள் வந்தன. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, ஒன்றரை மீட்டர் நீளம், இரண்டு. வண்டிகள் நான்கு.

(இங்கே ஒரு காட்சி எழுதியிருந்தேன். தண்டவாளத்தின் முனையில் வண்டி நழுவி, வயிற்றிலிருந்த குண்டுகள் கொட்டி, முடிதிருத்தகத் தரையெங்கும் ஓட, வாடிக்கையாளர்கள் கால்களைத் தூக்கிக்கொண்டு அலற, மிர்த்தா காந்தத்தோடு தவழ்கிற காட்சி. நன்றாக வந்திருந்தது. ஆனால் நடக்கவில்லை. வண்டியைக் கழற்றும்போது பிளாஸ்டிக் அண்டை கொடுக்க மறக்கிற ஆள் இல்லை ஆல்தோ. அவருடைய தவறுகள் கவனக்குறைவால் வருகிறவை அல்ல. நீக்கிவிட்டேன்.)

இயந்திரத்தின் சட்டம் இரும்புக் குழாய்களால் ஆனது. ஆல்தோவே வெல்டிங் வைத்தது. அவர் வாழ்க்கையில் செய்த முதல் பொருள் அது. வெல்டிங் சூட்டில் நடுப்பகுதி கால் மில்லி தொய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது. உருட்டுத் தண்டுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பட்டைத் தண்டவாளத்தை போல்ட் போட்டு இறுக்கியதும் அது அந்தக் கால் மில்லிக்குள் விசுவாசமாகப் படுத்துக்கொண்டது. மேலே பாலத்தை வைத்துத் தள்ளினார். நாற்பது சென்டிமீட்டர் வரை வெண்ணெய் மாதிரி போயிற்று. அங்கே நின்றது. மோட்டாரை இணைத்தார். மோட்டார் கொசு மாதிரி அழுதது. பாலம் அசையவில்லை.

மிர்த்தா கதவில் எட்டிப் பார்த்தார். “என்ன ஆச்சு கிழவா?”

“இறுக்கம்.”

“யாருக்கு?”

ஆல்தோ டயல் கேஜை எடுத்துத் தொய்வை இருபது இடங்களில் அளந்து, தேதி போட்டு, நோட்டில் எழுதினார். பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டும். யாருக்கு அனுப்புவது? செய்தவர் அவரேதான்.

அந்த வாரம் நான் கொட்டகைக்குப் போயிருந்தபோது இந்தக் கதையின் சில பக்கங்கள் என் கையில் இருந்தன. கதையைத் தமிழில் எழுதுவது எனக்கு ஒரு பெரிய வசதி. சம்பந்தப்பட்டவர்கள் யாரும் படிக்க முடியாது. என் துணிச்சல் மொத்தமும் அவ்வளவுதான்.

“இது என்ன செயலாளரே?” என்று வாங்கி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

“ஒரு கதை.”

“எதப் பத்தி?”

“நேர்கோடு பத்தி.”

“இதுல நேர்கோடே இல்லையே! எல்லாம் சுழி.” ஓர் எழுத்தின்மேல் விரலை வைத்தார். “இந்தச் சுழிக்குள்ள மூணு மில்லி வெட்டுளி நுழையாது. ஒண்ணுதான் போகும். அதுவும் அல்கர்ரோபோவுல ஒடஞ்சு போயிடும்.” பக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார். “நல்ல வேள, கழகத்த ஆரம்பிச்சது ஒங்காளுங்க இல்ல.”

தமிழ் எழுத்தைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இது ஒன்றுதான் அளவோடு வந்தது.

6

தொய்வுக்கு மருந்து உண்டு. குழுவில் எல்லோரும் அறிந்தது. தண்டவாளம் உட்காரும் இடத்தைச் சுற்றி நாடாவால் வரப்புக் கட்டி, எபாக்ஸிப் பசையைத் தண்ணீர் மாதிரி ஊற்றிவிட வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு சிறு வாய்க்கால் விட்டால், பசை தானே சமமட்டம் தேடிக்கொள்ளும். குளம் மாதிரி நிற்கும். உறைந்த பிறகு அதைவிடச் சமமான தளம் வீட்டில் செய்ய முடியாது. செய்ய வேண்டியது ஒன்றுதான். இருபது டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் முழுக்க அதைச் சும்மா விட வேண்டும்.

ஆகஸ்டு மாதம். பூமியின் தென்பாதியில் அது குளிர்காலம். கொட்டகையில் ஆறு டிகிரி.

மிர்த்தாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொட்டகையில் இயந்திரம் செய்யும் கணவர்களின் கதைகளில் மனைவிகள் நச்சரிப்பவர்களாக வருவது வழக்கம். முதல் பிரதியில் நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். உண்மையில் நடந்தது: மிர்த்தா தன் முடிதிருத்தகத்திலிருந்து தலைமுடி உலர்த்தும் குமிழ்கள் மூன்றையும், நிற்கும் கால்களோடு, கொட்டகைக்கு உருட்டிக்கொண்டு வந்து இரும்புச் சட்டத்தின் தலைமேல் கவிழ்த்தார். சட்டம் மூன்று பெண்கள் அருகருகே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. முன்னறையில் தெலியா அம்மாள் சுருட்டைக் கம்பிகளோடு ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு காத்திருந்தார்.

“மிர்த்தா, அந்த இரும்புக்கு இன்னும் காயலையாடி? எனக்கு மண்ட விறைக்குது!”

“இன்னும் கொஞ்ச நேரம் தெலியா. அதுக்கு முடி ஜாஸ்தி.”

மருந்து பலித்திருக்கும். கொட்டகை இருபது டிகிரியைத் தொட்டது. பசை கண்ணாடி மாதிரி நின்றது. ஆல்தோ எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். தொழிற்சாலையில் அவர் மேசைக்கு மேலே அவரே எழுதி ஒட்டிய அறிவிப்பு ஒன்று இருந்தது: ‘மேற்பரப்பைத் தொடாதீர்.’ அந்த அறிவிப்பு மற்றவர்களுக்கானது. பரிசோதகர் தொடாமல் எப்படிப் பரிசோதிப்பது?

அரை மணி நேரம் கழித்து, காய்ந்ததா என்று ஆள்காட்டி விரல் நுனியால் தொட்டார். காயவில்லை. அடுத்த அரை மணியில் இன்னோரிடத்தில் தொட்டார். ஒரே இடத்தில் இரண்டு முறை தொட்டால் அளவு நம்பத்தக்கதல்ல. அதனால் ஒவ்வொரு முறையும் புது இடம். ஊற்றிய ஆறு மணி நேரம் வரை பசை தானே வழிந்து தழும்பை மூடிக்கொண்டது. அதன் பிறகு கெட்டியாகத் தொடங்கியது. அவர் தொடுவதை நிறுத்தவில்லை.

மறுநாள் பசை முழுதும் உறைந்தபோது அதில் இருபத்திரண்டு விரல் ரேகைகள் இருந்தன. அச்சில் வார்த்தது போல. மீதி இடமெல்லாம் ரஃபயேலாவிலேயே மிகச் சமமான தளம்.

ஆல்தோ டயல் கேஜை எடுத்துக் குழிகளை ஒவ்வொன்றாக அளந்தார்.

“எவ்வளவு ஆழம்?” என்றார் மிர்த்தா.

“அதிகபட்சம் மில்லில நூறுல ஏழு பங்கு.”

“எந்த விரலு?”

“ஆள்காட்டி.”

“அதானே. வாழ்நாள் பூரா அத வச்சுத்தானே பொழச்ச.”

அவர் சிரிப்பார் என்று மிர்த்தா நினைத்தார். அவர் குமிழ்களின் மின்கம்பிகளைச் சுருட்டி, ஒவ்வொன்றாக முன்னறைக்கு உருட்டிக்கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

7

ஆகஸ்டு முடிய நான்கு நாள். பெர்த்தோனே வந்தார், கையில் திறக்காத ஒரு பீர் டின்னோடு.

இந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை. மிர்த்தா கதவிடுக்கில் நின்று கேட்டதையும் பார்த்ததையும் எனக்குச் சொன்னார். நான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். கெட்ட வார்த்தைகளை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆல்தோ மாத்தே என்ற இலைத் தேநீர்க் குவளையில் வெந்நீர் ஊற்றி நீட்டினார். பெர்த்தோனே குழலில் உறிஞ்சிக்கொண்டே சட்டத்தைச் சுற்றி வந்தார். ரேகைகளைக் குனிந்து பார்த்தார். அவர் பார்வை அங்கே கொஞ்ச நேரம் நின்றது. அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதற்காக மிர்த்தா இன்றுவரை அவருக்கு முடிவெட்டக் காசு வாங்குவதில்லை.

“இந்த டின்ன வெட்டிச் சின்னச் சின்னத் தகடா எடு,” என்றார். “மில்லில பத்துல ஒரு பங்கு கனம். தண்டவாளம் எங்க அழுந்தி ஒக்காரலையோ அங்க பேக்கிங் கொடு. ஒரு தண்டவாளத்த மட்டும் முழுசா இறுக்கு. இன்னொண்ணத் தளர விட்டுடு. பாலத்தக் கையால தள்ளிக்கிட்டே போ. அது எங்க நிக்க ஆசப்படுதோ அங்க அந்த போல்ட்ட இறுக்கு. அரை நாள் வேல.”

“ஆசப்படுற எடத்துல நிக்கிறதுக்குப் பேரு அளவு இல்ல.”

“ஓடுமா ஓடாதா? அதச் சொல்லு.”

“பீர் டின் மேல தண்டவாளமா? அப்ப நான் எதுக்கு இத வாங்குனேன்?”

“அத நான் மே மாசமே கேட்டேனே குண்டா.”

குவளை கை மாறியது.

“ஒங்கிட்ட ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்காத,” என்றார் பெர்த்தோனே. “நீ புள்ளி வச்சு அனுப்புனதெல்லாம் நான் என்ன பண்ணேன் தெரியுமா?”

“திரும்பக் கடைஞ்ச.”

“சிலத. மீதிய தின்னர்ல தொடச்சு, மறுநாள் தட்டுல அடியில போட்டுடுவேன். நீ பாஸ் பண்ணிடுவ. குளிருல அளந்தா ஒரு அளவு, வெயில்ல அளந்தா ஒரு அளவு.”

“எத்தன?”

“யாரு எண்ணுனா?”

“வருஷத்துக்கு எத்தன?”

“ஒரு வால்வு ஒழுகியிருக்கா ஜிரௌதோ? ஒரு பால் பண்ணக்காரனாவது வந்து கத்தியிருக்கானா? இல்லல்ல? நீயும் நல்லாத்தான் அளந்த. நானும் நல்லாத்தான் கடைஞ்சேன். இடையில இருந்தது மை.”

[இந்த இடத்தில் ஆல்தோவின் மனதுக்குள் போய் ஒரு பத்தி எழுதினேன். முப்பத்தொரு வருடங்கள், சரிந்த கோபுரம், அப்படியெல்லாம். கைவிட்டேன். அந்த நேரத்தில் அவர் செய்தது, குவளைக்குள் இருந்த இலையைக் கரண்டியால் ஒருபக்கமாகத் தள்ளியது மட்டும்தான்.]

பெர்த்தோனே அடுத்த குவளையை ஊற்றி நீட்டினார். ஆல்தோ குடித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தார். “நன்றி,” என்றார். மாத்தே குடிக்கும்போது இங்கே யாரும் நடுவில் நன்றி சொல்வதில்லை. சொன்னால் எனக்கு இனி ஊற்ற வேண்டாம் என்று பொருள்.

பெர்த்தோனே எழுந்து போனார். பீர் டின்னை மேசைமேல் விட்டுப் போனார்.

8

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதல் முடிவு. ஆல்தோ இரண்டு நாள் டின்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலை அதைக் குடித்தார். (அதற்கு முன் அவர் காலையில் பீர் குடித்ததில்லை.) மிர்த்தாவின் கத்தரியால் தகடுகள் வெட்டினார். பெர்த்தோனே சொன்னபடி போல்ட்டுகளை இறுக்கினார். பாலம் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போயிற்று, திரும்பி வந்தது. இயந்திரம் நாற்பத்தெட்டுப் பெயர்களையும் ஒன்பது மணி நேரத்தில் செதுக்கியது. எல்லா ஓவும் ஓவாகவே இருந்தன. இந்த முடிவில் ஆல்தோ வென்றார். ஆனால் ஒவ்வோர் ஓவின் அடியிலும் பெர்த்தோனேயின் பீர் டின் இருக்கிறது.

இரண்டாம் முடிவு. டின்னைத் திறக்கவில்லை. ஆகஸ்டு முப்பத்தொன்று அன்று ஒல்காவின் வண்டி வந்து மரத்தை ஏற்றிக்கொண்டுபோய்ப் பெர்த்தோனே வீட்டில் இறக்கியது. ஜிக்சா இரண்டு வாரம் கத்தியது. ஒரு ஓ முட்டை, ஒரு ஓ பேரிக்காய். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்த ஒரே ஆள் வாய் திறக்கவில்லை. இந்த முடிவில் ஆல்தோ சொன்ன சொல்லை விட்டார், அளவை விடவில்லை.

மூன்றாம் முடிவில் பாதிப் பெயர்களை இயந்திரமும் பாதியை ஜிக்சாவும் செய்து, இருவரும் கட்டிப்பிடித்து
[கைவிடப்பட்டது. ஒல்கா ஒப்புக்கொள்ள மாட்டார். நானும்.]

ஆகவே முதல் இரண்டில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எது நடந்தது என்று எனக்குத் தெரியும். பலகை திறக்கும்போது முன்வரிசையில் இருந்தேன். சொல்லப் போவதில்லை. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கலாம் என்றால், அங்கே இருப்பது இவ்வளவுதான்: ‘நிறுவனர் பலகை திறந்து வைக்கப்பட்டது. பலத்த கைதட்டல்.’ நீங்கள் தீர்ப்பை எழுதும்போது ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள். நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும், அதன் பிறகு நடந்தது ஒன்றேதான்.

விழா முடிந்த செவ்வாய்க்கிழமை. மதியத் தூக்க நேரம், ஊரே சாத்திக்கிடந்தது. மறந்து வைத்துவிட்டு வந்த என் கண்ணாடியை எடுக்கக் கழகத்துக்குப் போனேன். கூடத்தில் ஆல்தோ நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தார். டயல் கேஜின் ஊசி முனையைப் பலகையில் ஓர் ஓவின் உள்விளிம்பில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மில்லி மில்லியாகச் சுற்றி வந்தார். முதல் முடிவை எடுத்தவர்களுக்கு, அவர் தன் வேலையைப் பரிசோதிக்கிறார். இரண்டாவதை எடுத்தவர்களுக்கு, பெர்த்தோனேயின் வேலையை. நான் பார்த்த இடத்திலிருந்து முதுகு மட்டும்தான் தெரிந்தது. இரண்டுக்கும் அதே முதுகு.

“எவ்வளவு வருது?” என்றேன்.

அவர் திரும்பவில்லை. “இருங்க. ஊசி இன்னும் நிக்கல.”

நாற்காலி அழுக்காகக் கூடாது என்று காலணிகளைக் கழற்றிக் கீழே ஜோடியாக வைத்திருந்தார். இடது காலுறையில் ஓட்டை இருந்தது. பெருவிரல் முழுதாக வெளியே தெரிந்தது.